முந்திக்கொள்ளும் கை

மார்ச் 4, புதன்

மேனேஜர் இன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் செலவில் காபி வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இனி எங்கள் குழுவில் யாரும் கையால் கம்ப்யூட்டர் கோட் எழுத வேண்டாமாம். ஏஐ எழுதும். மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து 'சரி' பொத்தானை அழுத்தினால்தான் வெளியே போகும். அந்த ஒருவர் நான்.

"நான் அதை நம்பவே மாட்டேன்னு ஊருக்கே தெரியுமே சார்."

"அதனாலதான் உங்களைப் போடுறேன். சந்தேகப்படுறவன் வாசல்ல நின்னாத்தான் வீடு பத்திரமா இருக்கும்."

வஞ்சப்புகழ்ச்சியோ என்னவோ. நாங்கள் எழுதுவது ஆஸ்பத்திரி மெஷினுக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து நரம்பில் ஏற்றுகிற மெஷின். அக்கா நர்ஸாக இருக்கும் வார்டிலும் அதேதான் நிற்கிறது. வேறு எவனாவது தலையாட்டி அந்த வாசலில் நிற்பதற்கு நானே நிற்கலாம். ஒப்புக்கொண்டேன்.

ஏஐக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. தப்பாகச் சொன்னாலும் 'நாமதான் சரியாக் கேக்கலையோ' என்கிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, இப்போது மேனேஜரே அப்படித்தான் சொல்கிறார்.

மார்ச் 9, திங்கள்

மாட்டினார் மாப்பிள்ளை! மணிக்கு இவ்வளவு என்று இருக்க வேண்டிய இடத்தில் நிமிடத்துக்கு என்று எழுதியிருந்தார். அப்படியே போயிருந்தால் ஆள் காலி. அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

"நீ பாத்துட்டுத்தான் அனுப்புறேன்னா எனக்குக் கவலையே இல்லடா," என்றாள். அந்த வார்த்தை நாள் முழுக்க இனித்தது.

மார்ச் 21, சனி

சனி என்றால் வில் கூடம். ஜப்பானிய வில், ஆளைவிட உயரம். "ராஜா காலத்து வேலை உனக்கு எதுக்குடா?" என்று அக்கா கேட்பாள். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு இடம். நாணைக் காதைத் தாண்டி இழுத்த பிறகு, விடக் கூடாது. நிறுத்திப் பிடிக்க வேண்டும். மூச்சு அடங்கி, தோள் விரிந்து, அம்பு தானாகக் கழன்று போகிற வரைக்கும். அந்த நிறுத்தம்தான் வித்தை, மற்றதெல்லாம் வெறும் தோள்பட்டை வேலை.

இன்று நிற்கவில்லை. இழுத்து முடிக்கும் முன்னே அம்பு போய்விட்டது. போய், தூரத்தில் காகித இலக்கின் நடுவில் டப்பென்று பட்டது.

கூடத்தை நடத்துகிறவள் ஒரு பல் டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நாக்கு மட்டும் அவள் ஊசியைவிடக் கூர். பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் விட்டீங்க?"

"நான் விடல. அதுவா போயிடுச்சு."

"பட்டுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க. படாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பட்டால் குற்றமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

மாப்பிள்ளைக்குப் பசி, தூக்கம், தலைவலி எதுவும் கிடையாது. நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் வரிசையில் பத்து நிற்கிறது. இப்போதெல்லாம் தப்பும் அகப்படுவதில்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன். சுத்தமாக, அழகாக, என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது.

"வாசல்ல கூட்டம் சேருதே," என்று சிரித்துக்கொண்டே போனார் மேனேஜர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

இன்று விட்ட எல்லா அம்பும் முந்திக்கொண்டு போயின. எல்லாமே பட்டன. புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாய் பிளந்து பார்த்தார். பல் டாக்டர் என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"இதுக்கு ஜப்பான்ல ஒரு பேர் இருக்கு. ஹயாகே. அவசரக் கை. கத்துக்குட்டிங்களுக்கு வராது, நல்லா அடிக்கிறவங்களுக்குத்தான் வரும். எப்படியும் பட்டுடும்னு கை முடிவு பண்ணிடும். அப்புறம் உங்களை ஒரு வார்த்தை கேக்காது."

"மருந்து?"

"பாதிப் பேரு வில்லை மூலையில வெச்சுட்டுப் போயிடுறாங்க."

பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்பதையும் இதே குரலில்தான் சொல்வாளாக இருக்கும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கண்ணாடி முன்னால் வெறுங்கையால் இழுத்துப் பார்த்தேன். வில் இல்லை, நாண் இல்லை. அப்போதும் விரல் திறந்துகொண்டது.

மே 5, செவ்வாய்

பக்கத்து மேஜைக்காரி ஏதோ விவரம் கேட்டாள். தேடினால், போன வாரம் நான் 'சரி' கொடுத்த ஒரு கோட் மாற்றம். என் பெயர், என் நேரம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைப் படித்த ஞாபகம் இல்லை. ஒரு வரிகூட, ஒரு வரிகூட நினைவில்லை.

உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பல் டாக்டரின் குரல் கேட்டது: படாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

இனி ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன். சத்தியம்.

மே 16, சனி

பல் டாக்டர் ஒரு வைத்தியம் சொன்னாள். அம்பே வைக்காமல் இழுப்பது, நிறுத்துவது, மெதுவாகத் திருப்பி இறக்குவது. விட மட்டும் கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டால் அந்த வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே இறங்கும், வில் தாங்காது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

எனக்கும் புரிந்தது. இழுத்தேன். விடாதே, விடாதே, விடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். விட்டுவிட்டேன்.

துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். வில்லின் மேல் முனை நீளமாகப் பிளந்துவிட்டது. அவள் உடைந்த வில்லைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்க," என்றாள். கோபமில்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

மே 27, புதன்

அக்கா போன் பண்ணினாள். "இப்பல்லாம் வார்டு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா? உங்க மெஷின் முன்ன மாதிரி சும்மா சும்மா அலாரம் அடிச்சுக் கத்துறதில்ல. ஆனா எனக்கு ஒண்ணுதான்டா..."

"நல்லதுதானேக்கா!" என்றேன்.

"ம். நல்லதுதான்."

அவள் என்ன சொல்ல வந்தாள்? போனை வைத்த பிறகுதான் தோன்றியது. திரும்பக் கூப்பிடவில்லை. வரிசையில் வேலை காத்திருந்தது.

ஜூன் 4, வியாழன்

அக்கா வார்டில் ஒரு நோயாளி. தையல்காரர். ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்தெல்லாம் சதையில் இறங்கியிருக்கிறது. மெஷின் ஒரு முறை கத்தியிருக்கிறது. அக்கா போய்ச் சரிசெய்து சத்தத்தை நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அது கத்தவே இல்லை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது கை கருத்திருந்ததாம். உயிருக்குப் பயமில்லை. கை பிழைக்குமா என்று தெரியவில்லை. வலது கை.

அக்காவை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை.

"கத்தலடா. சத்தியமா அது கத்தல," என்று அழுதாள். என் அக்கா அழுது நான் கேட்டதில்லை.

ஜூன் 5, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். 'ஒரே எச்சரிக்கை சீக்கிரமே மறுபடி வந்தால், பழையதாகக் கருதிச் சத்தத்தை அடக்கு.' நர்ஸுகளுக்குத் தொல்லை குறையட்டும் என்று மாப்பிள்ளை செய்த உபகாரம். நின்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நான் பிடித்திருப்பேன். சரிசெய்த பிறகும் மறுபடி வந்தால் அது புது ஆபத்து இல்லையா? இதைப் பிடிக்கத்தானே என்னை அங்கே நிறுத்தினார்கள்!

'சரி' கொடுத்தது நான். தேதியைப் பார்த்தேன். இரண்டு முறை படிப்பேன் என்று இதே பக்கங்களில் சத்தியம் செய்ததற்கு ரெண்டு நாள் கழிச்சு. படிக்கல. படிச்ச ஞாபகமே இல்ல. நாசமாப் போச்சு.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

மேனேஜரிடம் சொன்னேன். அந்த மாற்றத்தை உடனே திரும்ப எடுக்கச் செய்தார், அதுவரை நல்லது. பிறகு கதவைச் சாத்தினார். "விசாரணைக்கு நீங்களும் வரணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

ஜூன் 10, புதன்

நாளை கேட்பார்கள். படிக்கவில்லை என்பேன். அவ்வளவுதான், ஒரே சொல். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். படிக்கவில்லை. படிக்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

நீள மேஜை. எதிரில் அக்கா, யூனிஃபார்ம் இல்லாமல், சின்னதாகிவிட்டவள் போல. விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். "இந்த மாற்றத்தை வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க இதை முழுசா..."

"படிச்சேன் சார்."

அவர் கேட்டுக்கூட முடிக்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லல. அதுவா போயிடுச்சு. அக்கா தலை குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் மேனேஜர் என் தோளில் தட்டினார். "நல்லாப் பேசினீங்க."

ஜூன் 12, வெள்ளி

அக்காவின் போன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்தெல்லாம் யோசிச்சேன்டா. நீ எதையும் படிக்காம ஒத்துக்கிற ஆளு இல்ல. நீ பாத்துச் சரின்னா மெஷின் சரியாத்தான் இருந்திருக்கும். அப்ப அது கத்திருக்கு. எனக்குத்தான் காது கேக்கல. தப்பு என்மேலதான் இல்ல?"

நாக்கு நுனியில் ஏதோ வந்துவிட்டது, 'அதெல்லாம் இல்லக்கா' என்கிற மாதிரி ஒன்று. பல்லைக் கடித்தேன். மூச்சை இறக்கினேன். அவள் இரண்டு முறை "டேய், இருக்கியா?" என்றாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன், உண்மையான சொல் பழுத்து வரும்வரை.

"படிக்கலக்கா. நான் அதைப் படிக்கவே இல்ல."



"அதை ஏன்டா அங்க சொல்லல?"

"வாய் முந்திக்கிச்சு."

"சின்ன வயசுல நாலு தடவ கேட்டாத்தான் ஒரு பதில் வரும் உனக்கு. இப்ப எங்கேர்ந்துடா வந்துச்சு இந்த அவசரம்?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஜூன் 15, திங்கள்

விசாரணை அதிகாரியிடம் நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'நான் அதைப் படிக்கவில்லை. முன்பு சொன்னது பொய்.' எய்தவன் நானிருக்க, அம்பை நொந்து என்ன பயன்?

ஜூலை 2, வியாழன்

அக்காமேல் தவறில்லை என்று முடிவாகிவிட்டது. நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம். தையல்காரருக்கு இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. பார்க்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது நியாயம்.

ஜூலை 18, சனி

காலை பல் டாக்டர் கூடத்துக்கு வரச் சொன்னாள். குச்சியில் ரப்பர் கட்டிய பழகு வில்லைக் கையில் கொடுத்தாள். இழுத்தேன், நிறுத்தினேன், மெதுவாக இறக்கினேன். "ம்," என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அங்கிருந்து ஆபீஸுக்குப் போய் என் மேஜையைக் காலி செய்தேன். விசாரணையின் முடிவை மேனேஜர் படித்துக் காட்டினார்: 'விபத்துக்குக் காரணம் மனிதக் கவனக்குறைவு.' அதனால் இனி வாசலில் மனிதன் கிடையாது. மாப்பிள்ளை எழுதுவதை மாப்பிள்ளையே படித்துப் பார்த்துச் சரி கொடுப்பார்.

"அவருக்கு அசதியே வராதுல்ல," என்றார் மேனேஜர், சமாதானம் சொல்கிற மாதிரி. நான் எழுதிக் கொடுத்த அந்த ரெண்டு வரிதான் அவர்களுக்கு ஆதாரம்.

மாலை அக்காவிடம் சொன்னேன்.

"புது மாத்தம் நேத்தே வந்துடுச்சுடா," என்றாள். "வார்டு மறுபடி அமைதியா இருக்கு. நான் கட்டில் கட்டிலாப் போய் ஒவ்வொருத்தர் கையையும் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன்."