மகன் பெயரில் ஒரு சோதனை

ஐப்பசி 9, ஞாயிறு

மகன் முருகேசனும் பேத்தி வனிதாவும் ஓசூரில் ஒரே கம்பெனி. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். வேலையை விட்டு நிறுத்தப்படுகிறவர்களின் மெயிலை மூடுவது வனிதாவின் வேலை. மூடியதும் லேப்டாப்பின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிச் சோதிப்பாள். இன்று சாயங்காலம் அழுதுகொண்டே தட்டினாள்.

"என்னடி ஆச்சு?"

"மெயில் சர்வர் பதில் குடுக்குது ஆயா. ஆனா பாஸ்வேர்டை ஒத்துக்கல. அப்ப சரியாத்தான் மூடியிருக்கேன்."

"யாரோடது?"

"அப்பாவோடது. காலைல கம்பெனியிலதான் அவருக்குச் சொல்லுவாங்க. இப்ப நான் வாயத் தொறந்தா என் வேலையும் போயிடும்."

சோறு போடும்போது முருகேசன் சிரித்தான். "ஞாயித்துக்கிழமைகூட வேலை பாக்குறா. யாரு பொண்ணு!"

வனிதா தட்டோடு எழுந்து போனாள்.

"அம்மா, அஞ்சரைக்கு எழுப்பி உடு. கம்பெனி பஸ்ஸு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

சரி என்றேன். அலாரம் வைத்தேன். அணைத்தேன். மறுபடி வைத்திருக்கிறேன்.