தேரன்று காட்டிய படம்

மாசி 3, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. எட்டாம் வகுப்பில் பின்னம். மதியம் இரண்டு பீரியட் தையல். பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டுப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக் கொடுக்கிறேன். யாரிடம் சொல்லி அழ.

எச்.எம். அம்மாவிடம் மறுபடியும் போய் நின்றேன். ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் காம்போசிட் மேத்ஸ் பிரிவு வேண்டும் என்று. இப்போது எல்லாப் பெண்களுக்கும் சுலபமான ஜெனரல் மேத்ஸ்தான். அதோடு வெளியே போனால் காலேஜில் கணக்கும் கிடையாது, சயன்ஸும் கிடையாது. கதவு இங்கேயே சாத்தப்பட்டுவிடுகிறது. எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"பெத்தவங்க கையெழுத்து வாங்கிக்கினு வா சகுந்தலா. இந்த மாசத்துக்குள்ள. பாதி கிளாஸாவது வேணும். இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்காதே."

பாதி கிளாஸ்! அந்தப் பாதியின் அப்பாக்கள் எல்லாரும் ஏகாம்பரத்துக்கு நெய்கிறவர்கள். அவர் பட்டு முதலாளி. நூலும் ஜரிகையும் அவர் கொடுப்பது, புடவை அவர் கடைக்குப் போவது. அவர் மகள் வசந்தியும் என் எட்டாம் வகுப்புதான். அவர் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் போடுவார்கள். போடாவிட்டால் ஒருத்தரும் போடமாட்டார்கள்.

மாசி 4, செவ்வாய்

ஏகாம்பரம் வீடு. மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி, விசிறி, மோர்.

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு டீச்சர் அவ்ளோ கணக்கு? பால்காரன் கணக்கு, வண்ணான் கணக்கு தெரிஞ்சா போதாதா?"

உள்ளே கதவோரம் வளையல் சத்தம். வசந்தி ஒட்டுக் கேட்கிறாள். வகுப்பில் "ஏன் டீச்சர், ஏன் டீச்சர்" என்று என் உயிரை வாங்குகிற பெண். எனக்கு எரிந்தது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். உப்பு அதிகம்.

பேசிப் பயனில்லை. கண்ணால் பார்த்தால்தான் மனசு மாறும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு புரொஜக்டர் இருக்கிறதாம், கேட்ட பள்ளிக்கு ஆபரேட்டரோடு அனுப்புகிறார்களாம். ராக்கெட் படம், நிலாப் படம். திரையில் எது ஓடினாலும் இந்த ஊர் வந்து உட்காரும். இன்றே எழுதிப் போட்டேன்.

மாசி 6, வியாழன்

புரொஜக்டர் உண்டு! என்றைக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். கல்யாண சீசன் வருகிறது. பகல் முழுக்கத் தறிச் சத்தம். ஒருத்தரும் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். அம்மாவிடம் புலம்பினேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, "தேரன்னிக்கு எவன்டி தறில உக்காருவான்" என்றாள்.

அடடா! புதன்கிழமை அம்மன் தேர். ஊர் முழுக்கத் தறி நிற்கும். உள்ளூர் விடுமுறை. பள்ளி மாடி ராஜ வீதியைப் பார்த்தபடி. தேர் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "கீரை கொட்டுது பார்" என்று திட்டினாள்.

எச்.எம்.: "உன் பாடு. சாவி தரேன், பெருக்கி வெச்சுட்டுக் குடு."

மாசி 9, ஞாயிறு

சேகரிக்க:
ஜன்னலை அடைக்கத் தார்ப் பேப்பர். ஆணி. ஜமக்காளம் (ரங்கநாயகி டீச்சர் வீட்டில் இரண்டு). வெள்ளை வேட்டி, கரை இல்லாதது. அப்பாவுடையது போதும். பெரியவர்களுக்கு பெஞ்சு. பானகம்?

ஏகாம்பரம் வருகிறேன் என்றுவிட்டார். "தேரும் பாத்த மாதிரி, படமும் பாத்த மாதிரி." அவர் வருகிறார் என்றதும் தெருவே வருகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாசி 11, செவ்வாய்

ஆபரேட்டர் தாவூத் பாய் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு. மாடி ஹாலில் ஓட்டிப் பார்த்தோம். அப்பா வேட்டியில் ராக்கெட் கிளம்பியது. நானே கைதட்டினேன். பாய் சிரித்தார். "எந்த ஸ்கூலுக்குப் போனாலும் டீச்சருங்கதாம்மா மொதல்ல கைதட்றாங்க."

ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. கையை நீட்டினால் கை தெரியவில்லை. வேட்டிக்கு எதிரே, வீதிப் பக்க ஜன்னல் கதவில் பழைய ஆணித் துளை ஒன்று, அதற்குத் தார்ப் பேப்பர் போதவில்லை. ஒரு துளைதானே, போகட்டும்.

மாசி 12, புதன். தேர்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஹால் நிரம்பிவிட்டது. முன் பெஞ்சில் ஏகாம்பரம், பட்டு அங்கவஸ்திரம், பக்கத்தில் வசந்தி. தேர் தெருமுனைக்கு வருமுன் படம், வந்ததும் ஜன்னல் திறப்பது என்று ஏற்பாடு. நான் நாலு வார்த்தை பேசினேன். பாய் ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டார். பியூஸைப் பார்த்தார். பின்னால் யாரோ சொன்னார்:

"இன்னா டீச்சர் இது? தேர் வரும்போது கரண்டு ஏது? ஒயர அவுத்துடுவாங்களே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. இந்த ஊரில் பிறந்தவள் நான். தேரின் உச்சி கம்பியில் படும் என்று ஒவ்வொரு வருஷமும் மின்கம்பியை அவிழ்ப்பார்கள். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பட்டப்பகலில் விளக்கு யாருக்கு வேண்டும்? அதனால் அது ஒரு விஷயமாகவே எங்கள் யாருக்கும் பட்டதில்லை. எச்.எம்.முக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

ஜன்னலைத் திறக்கப் போனேன். மேளம் நெருங்கியது. அப்போது வேட்டியில் நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை. மங்கலாக, ஆனால் நகர்கிறது. ஒரு பெண்பிள்ளை கத்தினாள், "தேர்டீ!"

தேரேதான். தலைகீழாக. சக்கரம் மேலே, கலசம் கீழே, வடம் பிடித்தவர்கள் ஈக்கள் போல மேலே தொங்கிக்கொண்டு. அந்த ஆணித் துளை வழியாக! நான் என்னை மறந்துவிட்டேன். "பாருங்க, பாருங்க, வெளிச்சம் நேர்கோட்டுல வருது, மேல இருக்கறது கீழ விழுது" என்று கத்தினேன். சந்தோஷத்தில் சிரித்தேன் வேறு.

ஏகாம்பரம் எழுந்தார்.

"அம்மனைத் தலைகீழா நிக்க வெச்சுட்டு சிரிக்கிறியா? இது பள்ளிக்கூடமா, மாந்திரீகக் கூடமா?"

கன்னத்தில் போட்டுக்கொண்டார். வசந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அவள் திரையைப் பார்த்தபடியே போனாள். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும்.

தாவூத் பாய் பெட்டியை மூடினார். "படம் நல்லாத்தாம்மா இருந்துது" என்றார்.

மாசி 13, வியாழன்

எச்.எம். கூப்பிட்டார்கள். ஏகாம்பரம் ஆள் அனுப்பியிருக்கிறார். நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"தேர் தலைகீழா விழுந்ததுக்கு நான் மன்னிப்பு எழுதினா, சூரியனும்தாம்மா எழுதணும்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு. காம்போசிட் கீம்போசிட் எல்லாம் மறந்துடு."

மறந்துடு. எவ்வளவு சுலபமாக. ஸ்டாஃப் ரூம் பின்னால் நின்று அழுதேன். பிறகு தையல் பீரியட். ஊசி மூன்று முறை விரலில் குத்தியது.

மாசி 14, வெள்ளி

மேகமூட்டம். வசந்தி இன்றும் வரவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய' வரை வந்தேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தேன். எழுதினால் எட்டாம் வகுப்பில் நான் சொன்னது எல்லாம் பொய் என்று ஆகும். எழுதாவிட்டால் வேலை?

அம்மா: "சாப்ட்டுட்டுக் கிழி."

மாசி 15, சனி

கடிதம் எழுதவில்லை. வெறுங்கையோடுதான் பள்ளிக்குப் போனேன். காலை முதல் பீரியட் முடிகிற நேரம் வராந்தாவில் ஏகாம்பரம். தனியாக.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"எங்க வசந்தி ஸ்கூலுக்கு வராம வூட்ல ஜன்னல் பூரா அடைச்சு வெச்சு, கதவுல ஓட்ட போட்டுட்டா. தெருவுல போற மாடு, சைக்கிளு, கறிகாய்க்காரன் எல்லாம் செவுத்துல தலைகீழா போவுறான். கை ஓங்கிக்கினு போனேன். அதுக்கு இன்னா கேட்டா தெரியுமா? 'கண்ணுலயும் நடுவுல சின்ன ஓட்டைதானப்பா இருக்குது. அப்ப உள்ள எப்படி விழும்'னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குப் பதில் தெரியல. எப்படி விழுது டீச்சர்?"

"தலைகீழாத்தாங்க விழுது. மூளைதான் நேராக்கிப் புரிஞ்சுக்குது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

"எனக்கும்?"

"உங்களுக்கும்."

வீதிப் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தினி வருசமா அம்மன் என் கண்ணுக்குள்ள அப்படித்தான் வந்துக்கினு இருந்தாளா" என்றார். கோபமில்லை.

பிறகு கேட்டார். "இத நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க அவளுக்கு?"

"இல்லீங்க. கண் பாடம் நான் இன்னும் எடுக்கவே இல்ல."

"அவளா கேட்டாளா?"

"அவளாத்தான்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "எங்க போடணும் கையெழுத்து?"

வருகைப் பதிவேட்டுக்குள் இருந்த சம்மதத் தாளை நீட்டி, பேனாவைக் கொடுத்தேன். போட்டார். மை காயக்கூட நிற்கவில்லை, எச்.எம். அறைக்கு ஓடினேன். வராந்தாவில் ஓடக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான்.