‘விழுந்துட்டாங்க’ என்று நான் சொன்னது

ஆடி 12, திங்கள்

காற்று. ஆற்றில் தண்ணீர் நிறைய. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ‘ழு’ எழுதினால் பக்கத்து எழுத்தின் மேல் சாய்கிறது. படிக்கப்போவது நான் ஒருவன்தான். ஆனாலும் மன்னிக்க வேண்டும். அறுபத்தொன்பது வயதில் எழுதப் பழகிய கை.

இன்று பேப்பரில் என் பெயர். ‘அம்மா மண்டபம் படித்துறையில் செருப்பு பாதுகாக்கும் கோவிந்தன்.’ டீக்கடை பெஞ்சில் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். மூன்று முறை. டீ ஆறிவிட்டது.

“என்ன பெரியவரே, எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?” என்றார் கடைக்காரர். சிரித்தேன்.

பிறகு மேலே உள்ள பெரிய எழுத்தைப் படித்தேன். ‘மனமுடைந்த பெண் ஆற்றில் குதித்தார்.’ உள்ளே, படித்துறைக்கு அடிக்கடி குளிக்க வரும் மல்லிகாவின் பெயர். அவள் குதித்ததை நான் பார்த்ததாகக் கூறினேனாம்.

நடந்தது: நேற்று காலை மல்லிகா என்னிடம் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு குளிக்க இறங்கினாள். பாசிப் படி. வழுக்கியது. இரண்டு பேர் இழுத்துக் கரை சேர்த்தார்கள். பிழைத்தாள். நிருபர் வந்து கேட்டார். சொன்னேன். குதித்தாள் என்று சொல்லவில்லை.

ஆடி 13, செவ்வாய்

வெயில். கூட்டம் குறைவு. ம. வந்தாள். (மல்லிகாதான். ‘ல்லி’ எழுதக் கை வலிக்கிறது.) திருவானைக்காவலில் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை அவளுக்கு. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“ஆத்துல குதிக்கிறவகிட்ட எப்படிப் பிள்ளைய விடறதுன்னு பெத்தவங்க கேக்கறாங்களாம். பேப்பரைக் காட்டறாங்க பெரியப்பா. நீங்க சொன்னதா போட்டிருக்கு.”

“நான் ஆத்துல விழுந்துட்டாங்கன்னுதாம்மா சொன்னேன்.”

“அப்படியா சொன்னீங்க? அதைக் கேட்டா என்னன்னு எடுத்துப்பாங்க?”

உயிரை விடப் போனவளையும் ‘ஆத்துல விழுந்துட்டா’ என்கிறோம். வழுக்கியவளையும் அப்படியே. இத்தனை வருடம் வாயில் புழங்கிய சொல். எழுதிப் பார்க்கும்போதுதான் இரண்டாகத் தெரிகிறது.

ஆடி 14, புதன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் டவுனுக்கு. பத்திரிகை ஆபீஸ். மாடி ஏற மூச்சு வாங்கியது.

நிருபர் பெயர் பாஸ்கர். மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டார். தன் நோட்டைக் காட்டினார். ‘ஆத்துல விழுந்துட்டாங்க.’ அவர் கையெழுத்தும் நல்ல கையெழுத்து இல்லை. ஆனால் நான் சொன்னதை அப்படியே குறித்திருந்தார்.

“பின்ன குதிச்சாங்கன்னு ஏன் தம்பி போட்டீங்க?”

“அப்படித்தானேங்க அர்த்தம்?”

“வழுக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. டோக்கனை முந்தானையில முடிஞ்சுகிட்டு இறங்கினவங்க அவங்க. திரும்பி வர்றவங்கதான் டோக்கன் வாங்குவாங்க.”

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“மனமுடைந்தன்னு இருக்கே, அதை யாரு சொன்னா?”

“அது... இந்த மாதிரி செய்திக்கு வழக்கமா வர்ற வார்த்தைங்க.” நோட்டை மூடிவிட்டு, “தப்புதாங்க. நிஜமாவே குதிச்சிருந்தாலும் பேர் போட்டிருக்கக் கூடாது” என்றார்.

பாஸ்கர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். திருத்தம் போட ஆசிரியர் சம்மதித்தாராம். ம. பெயரைப் போட்டால் மறந்தவர்களுக்கும் ஞாபகம் வரும். போடாவிட்டால் யாரைப் பற்றி என்றே தெரியாது. ம.வைக் கேட்டு வரச் சொன்னார்கள்.

ஆடி 15, வியாழன்

தூறல். ம.விடம் கேட்டேன். சொன்னாள்: “என் பேரு மறுபடி வேணாம். பொண்ணை ஸ்கூல்ல கேக்கறாங்க. உங்க பேரைப் போடச் சொல்லுங்க. முதல்ல வந்ததுலயும் உங்க பேரு இருக்குல்ல. அது போதும், புரிஞ்சுக்குவாங்க.”

பாஸ்கர் எழுதி எடுத்து வந்தார். படித்துக் காட்ட ஆரம்பித்தார். குடுங்க, நானே பாக்கறேன் என்று வாங்கிக்கொண்டேன். மூன்று பேர் செருப்புக்கு நின்றார்கள். நிற்கட்டும்.

‘கோவிந்தன் தவறாகக் கூறியதால்’ என்று தொடங்கியது.

“நான் தப்பா சொன்னேனா தம்பி?”

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ‘கோவிந்தன் தெளிவாகக் கூறாததாலும், நாங்கள் கேட்டு உறுதி செய்யாததாலும்’ என்று மேலே எழுதினார். இது உண்மை. தலையாட்டினேன்.

ஆடி 16, வெள்ளி

திருத்தம் வந்துவிட்டது. உள்பக்கம், நாலு வரி. ‘கால் வழுக்கியே விழுந்தார்’ இருக்கிறது. ம. பெயர் இல்லை. ‘நாங்கள் கேட்டு உறுதி செய்யாததாலும்’ இல்லை. ‘கோவிந்தன் தவறாகக் கூறியதால்’ என்றே இருக்கிறது.

பாஸ்கர் போனில்: “நான் எழுதித்தான் குடுத்தேங்க. மேல இருக்கறவங்க மாத்திட்டாங்க. நீங்க சொன்னா மறுபடி சண்டை போடறேன்.”

சண்டை போட்டால் இன்னொரு திருத்தம். இன்னொரு முறை ஊர் பேசும். வேண்டாம் என்றேன். என் பெயரை மறுபடி படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ம. அந்த நாலு வரியை வெட்டிக் காப்பகத்துக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் வந்தாள். பெற்றவர்களிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம், திங்கட்கிழமை வந்து பார் என்றார்களாம்.

“உங்க மேலயே போட்டுட்டாங்களே பெரியப்பா.”

“நீ போய்ட்டு வாம்மா.”

திங்கட்கிழமை அவளை உள்ளே விட்டார்களா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.