கேட்காமல் நகர்த்து

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டது. காலையில் முதல் எக்ஸ்ரேக்கே மெஷின் முரண்டு பிடித்தது. வெளியே ஒன்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒரு படம் எடுக்க தினமும் வீடு ஒழிக்கணுமா?" என்றார். ஒழிக்கிறவள் நான்தானே. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நூறு பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க்கில் 'பழசு' என்ற ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டேன். மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது. இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடப் போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். பதினோரே வரி. கறுப்புத் திரையில் கையால் தட்டும் கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால் தானே ஓடிக்கொள்ளும். இந்த ஃபோல்டருக்குப் போ, அங்கே இருக்கும் படங்களை எடு, பெரிய டிஸ்க்கின் 'பழசு' ஃபோல்டருக்கு நகர்த்து. அவ்வளவுதான்.

நாற்பது படங்களை நகல் எடுத்துச் சோதித்தேன். சரியாகப் போனது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அதே நாற்பதை ஓட்டினால், 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதவா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறது. நாற்பது தடவை ஆமாம் தட்டினேன். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. கடுப்பாகி, கட்டளையின் வாலில் ஒரு எழுத்தைச் சேர்த்தேன். கேட்காமல் நகர்த்து என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டது.

மார்ச் 10, திங்கள்

முதல் அறை மெஷினை முடித்தாயிற்று. மூன்று வருடத்துப் படங்கள், 3,206. படத்தின் மேல் ஆள் பெயர் இருக்காது. மெஷின் ஒன்றிலிருந்து போட்டுக்கொண்டே போகும் எண்தான் அதற்குப் பெயர். யாருக்கு எந்த எண் என்பது லிஸ்ட்டில் இருக்கும், தட்டினால் படம் வரும்.

ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து 'பழசு' ஃபோல்டரை எண்ணச் சொன்னால் 3,206. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. டாக்டர் "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில் நடக்காது.

மார்ச் 17, திங்கள்

இரண்டாவது அறை மெஷின். போன வருடம் வந்தது, 412 படங்கள்தான். அதே ஸ்கிரிப்ட், எங்கிருந்து என்ற ஒரு வரியை மட்டும் மாற்றினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. எண்ணவில்லை. போன வாரம்தான் பார்த்தேனே.

ஏப்ரல் 22, செவ்வாய்

முன் மேஜையில் இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. இன்று ஒரு தாத்தாவின் பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்திருக்கு. இன்னிக்கு எடுத்த படத்துல காணோம். யாரு கழட்டிட்டுப் போனா?"

தாத்தாவைக் கேட்டால், எனக்கு எவனும் எதுவும் வைக்கலையே என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டுகிறார். எல்லாரும் சிரித்தோம். எண்ணைத் தப்பாக எழுதித் தொலைத்திருப்பாய் என்று ரேடியோவைத்தான் திட்டினேன். கூட்டம் வேறு. "பழைய படம் இல்லைன்னு எழுதி உள்ள அனுப்பு" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் டாக்டர் அவரை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

ரேடியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "நான் சரியாத்தான் எழுதினேன்" என்று மூன்று தடவை சொன்னாள்.

மே 9, வெள்ளி

அக்காவுக்கு இருமல் விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்து நானே படம் எடுத்தேன். இடது காறை எலும்பில் அந்த மேடு அப்படியே இருக்கிறது. அப்போது எனக்கு ஆறு வயது, அவள் சைக்கிளின் பின்னால் நான். விழும்போது என்னைத் தாங்கப் போய் அவள் எலும்பு உடைந்தது. கோணலாகத்தான் ஒட்டியது.

ஆனால் வலது பக்கம், மேலே, ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டாணி அளவு.

டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். நல்லவேளை, இருந்தது. முதல் மெஷின் வந்த புதிதில் சோதனைக்காக அக்காவை நிறுத்தி எடுத்தது, எண் 9. அப்போது யாரும் அதைக் கவனித்துப் பார்க்கக்கூட இல்லை. திறந்தால் அதே இடத்தில் அதே புள்ளி, அதே அளவு.

"மூணு வருஷமா வளரலைன்னா பழைய தழும்பும்மா. பயப்படாதே. கெட்டதா இருந்தா சும்மா இருந்திருக்காது."

அக்கா வாசலில் என் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? படம் எனக்கா உனக்கா?"

நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்தப் படத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக நகர்த்தி வைத்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

அக்கா இளைத்திருக்கிறாள். கேட்டால், "இளைக்கணும்னுதானே இத்தனை வருஷம் நடையா நடந்தேன்" என்கிறாள். டாக்டரே சொல்லிவிட்டார். நான் ஏன் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன்?

செப்டம்பர் 3, புதன்

டிஸ்க் மறுபடி நிரம்பியது. ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் 'பழசு' ஃபோல்டரை எண்ணச் சொன்னேன். சும்மாதான். 3,206.

சரியாக இருக்கிறது என்று அடுத்த கட்டளையைத் தட்டப் போன கை நின்றது. அதன் பிறகு 412 சேர்ந்ததே? 3,618 அல்லவா இருக்க வேண்டும்?

எங்கே போச்சு?

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே ரேடியோ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மெஷினும் ஒன்றிலிருந்துதானே எண்ணுகிறது. இரண்டிலும் 1 உண்டு, 9 உண்டு, 412 உண்டு. ஒரே ஃபோல்டர். அதே பெயரில் ஒன்று இருக்கிறது, மேலே எழுதவா என்று அது 412 தடவை கேட்டிருக்கும். கேட்காதே என்று சொன்னவள் நான்.

9 — அக்கா.

திறந்தேன். புள்ளியைப் பார்க்கவில்லை. இடது காறை எலும்பைப் பார்த்தேன். நேராக இருந்தது. மேடு இல்லை. உடைந்ததே இல்லாத எலும்பு.

அய்யோ, அது அக்கா இல்லை. போன வருஷம் வந்த யாரோ. அவங்க புள்ளியை வெச்சு என் அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டோம். நாலு மாசம். நான் மெச்சிக்கிட்டேன் வேற.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அக்கா படத்தில் மட்டும் ஏதோ தப்பு என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதுமே என்று நினைத்தேன். மற்றதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ரேடியோமேல் பழி போட்டால்கூட நம்புவார்கள். ஒரு ராத்திரி முழுக்க இதை நினைத்தவளும் நான்தான். அழித்து எழுதப் போவதில்லை.

காலையில் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதல் ஃபோன் அக்காவுக்குப் போடு" என்றார். அப்புறம், "அந்த 412 பேர்ல மார்ச்சுக்கு அப்புறம் திரும்ப வந்தவங்க எத்தனை பேர்?"

லிஸ்ட்டில் எண்ணினேன். 61.

மெஷினின் டிஸ்க்கிலிருந்து பழையதை மீட்க முடியுமா என்று ஆளை வரவழைத்துப் பார்த்தாயிற்று. அதன் மேல் ஆறு மாதத்துப் புதுப் படங்கள் ஏறிவிட்டன. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

"நீயே கூப்பிடு" என்றார் டாக்டர். "ஒவ்வொருத்தர்கிட்டயும் உன் வாயால சொல்லு. மறுபடி வரவழைச்சுப் பார்ப்போம். அது முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடு."

செப்டம்பர் 19, வெள்ளி

அக்காவுக்கு ஆபரேஷன் ஆனது. புற்றுதான். இன்னும் மூன்று மாதம் போயிருந்தால் கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்று சர்ஜன் சொன்னார். முழுசாக எடுத்தாகிவிட்டதா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

ஆபரேஷனுக்கு முன்பே அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கண் விழித்ததும், "சைக்கிள்லயும் நீதான் பின்னாடி உட்கார்ந்து ஆட்டினே" என்றாள். சிரிக்க முயன்று வலியில் நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

44 பேர் முடிந்தது. திட்டுகிறவர்கள் பரவாயில்லை. "சரிம்மா, நாளைக்கு வந்துடறேன், தேங்க்ஸ்" என்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் எண்களைத் தட்டிக் கொடுக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். ரேடியோ இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

அறுபது முடிந்தது. பேஸ்மேக்கர் தாத்தாவை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். இன்று காலை ரேடியோ கேட்காமலே எண்ணைத் தட்டி என் கையில் கொடுத்தாள்.

எடுத்தது மருமகள். எங்கள் சென்டர் பெயரைச் சொன்னதுமே அவளாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆறு மாசம் முடியுதேன்னு கூப்பிடறீங்களா? மாமா காலண்டர்ல கூட வட்டம் போட்டு வெச்சிருந்தாரு. அவர் போய் மூணு வாரமாச்சுங்க. நெஞ்சு பூரா பரவியிருந்துச்சாம். உங்க மேல ஒண்ணும் தப்பில்ல, பழைய படம் இல்லாம டாக்டர் என்ன செய்வாரு? ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டீங்களே, அதுவே பெரிசு. நல்லாயிருங்க."

வைத்துவிடப் போனாள்.

"வைக்காதீங்க" என்றேன். "பழைய படம் இருந்துச்சுங்க."