மூடி போட்டு எடுத்த இருபது படம்

மாமா,

நாஸ்தாவுக்கு இட்லி மூடி வெச்சுகீறேன். சாவி டிவி மேல கீது. நான் படாளம் அம்மா வூட்டுக்குப் போறேன்.

எங்கப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு போட்டோ எடுக்க கேமராவுல இடம் இல்ல. எல்லாம் வெறும் கருப்பா கீதேன்னு நீ எடுத்து வெச்சிருந்த அந்த இருபது படத்த அழிச்சேன். நட்சத்திரப் படத்த ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது, புள்ளி புள்ளியா வர்ற அழுக்கக் கழிக்கத்தான் லென்ஸ் மூடி போட்டு எடுத்து வெச்சேன்னு நேத்து பந்தியில நீ கத்தும்போதுதான் சொல்ற. "உனக்கு மூளை கீதாடி?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்ட. எங்கப்பா பாதி சோத்துல எலைய மடிச்சிட்டாரு.

அதே குளிர்ல எடுத்தாதான் ஆவும்னு சொன்னியே. இன்னிக்கு விடியக்காலைல மாடிக்குப் போயி, மூடி போட்டு, ஒண்ணொண்ணும் ரெண்டு நிமிஷம்னு இருபதும் எடுத்துட்டேன். கார்டு கேமராவுலயே கீது. இனிமே உன் படம் சுத்தமா வரும்.

திவ்யா

சட்னி ஃபிரிட்ஜ்ல.

நாப்பது நிமிஷம் மாடியில தனியா குந்திகினு இருந்தேன் மாமா. இந்த ஊர்ல உன்ன விட்டா எனக்கு யாரு? பக்கத்துல ஆளக் காணோமேன்னு நீ எந்திரிச்சு வந்து ஒரு வாட்டி கூப்ட்டிருந்தா, நான் கெளம்பியே இருக்க மாட்டேன்.