மாமா அனுப்பிய பார்சலைப் பிரிக்காதே

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் அப்படித்தான் என்று பதில் எழுது. இங்கே நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், மாமாவும் சௌக்கியம்தான், மானம் மட்டும் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. நேற்று போனில் மாமாவின் பார்சல் வந்தால் பிரிக்காதே என்று நான் சொன்னதும் ஏன் ஏன் என்று குடைந்தெடுத்தாய். எப்படிச் சொல்வது, ஒரு பக்கம் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், இன்னொரு பக்கம் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

அப்பா ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்கிறார் என்று நீ கேட்டதே இல்லை. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் கொட்டிய எண்ணெயும் ஈயமும் என்னென்னவோ விஷமும் ஆறு கடலில் சேரும் இடத்தில் அடிச்சேறாகத் தங்கிவிட்டன. மேலே தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், சேற்றைக் கலக்கினால்தான் வினை. அதனால் தோண்டும் இடத்தைச் சுற்றி மிதவைகளில் அடி வரைக்கும் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குள்ளே மூடி போட்ட வாளியை இறக்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் மெதுவாகச் சேற்றை அள்ளுகிறார்கள். திரைக்கு வெளியே படகில் உன் அப்பா. கையில் கலங்கலை அளக்கும் மீட்டர், கழுத்தில் விசில். எண் ஏறினால் விசில் ஊத வேண்டும், அவ்வளவு பெரிய இயந்திரம் அப்படியே நிற்கும். வீட்டில் மிக்சியை நிறுத்தச் சொன்னால்கூட நான் கேட்காத மனிதருக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? விசிலைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். குழம்பைக்கூட ஓரமாக அள்ளு, அடியைக் கலக்காதே என்கிறார். பாத்திரம் தேய்ப்பவளுக்குத் தெரியாதா அடியில் என்ன இருக்கிறது என்று!

போன மாதம் திடீரென்று மீட்டர் எண் எகிற ஆரம்பித்தது. அப்பா ஊதினார், இயந்திரம் நின்றது, எல்லோரும் படகில் திரையைச் சுற்றி வந்து பார்த்தால் ஒரு கிழிசல் இல்லை. மறுபடி தொடங்கினார்கள், இரண்டு நாளில் மறுபடி எகிறியது, மறுபடி ஒன்றுமில்லை. இப்படியே நடந்ததில் கூட வேலை செய்பவர்கள் அப்பாவுக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் ஒருநாள் கூப்பிட்டு, என்ன விசில், உங்க கண்ணுல கோளாறா மீட்டர்ல கோளாறா, இன்னொரு வாட்டி காரணம் இல்லாம நிறுத்தினீங்கன்னா வேற ஆளைத்தான் வைக்கணும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. தப்பா ஊதலடி, நிஜமாவே கலங்குது, ஊதாம இருந்தா அந்த விஷம் நேரா கடலுக்குப் போகும் என்றார். அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரந்தான் உன் மாமா துணி மூட்டையோடு வந்தான். குழாய் உடஞ்சிருச்சுக்கா, இதையும் சேர்த்துத் துவைச்சிடேன் என்றான். என் தம்பி குழாய் உடைந்தால் துணியைத் துவைக்காமலே போட்டுக்கொள்கிற ரகம், அப்போதே எனக்குச் சந்தேகம். சட்டையை வாளியில் முக்கினேன், தண்ணீரின் மேல் வானவில் வட்டம் வட்டமாக எண்ணெய் மிதந்தது. சோப்புக்கு அசையாத கறுப்புக் கறை. அதை நான் எத்தனை மாதமாகத் தேய்க்கிறேன்! வேலைத்துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது சட்டம், உன் அப்பாவுக்குப் பத்துப் பேர் நடுவில் பேண்ட்டைக் கழற்ற வெட்கம். அதனால் அந்தச் சேறு எனக்கு நெருங்கிய சொந்தக்காரி மாதிரி. சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்தால்தான் கொஞ்சமாவது இளகும். வெளியாள் வரக் கூடாது என்று தடை போட்ட அந்தத் தோண்டும் பக்கம் போகாமல் அது யார் சட்டையிலும் ஒட்டாது.

சொன்னால் தம்பி மாட்டுவான், சொல்லாவிட்டால் புருஷன் வேலை போகும். ஒரு பொழுது முழுக்க முழி பிதுங்கி நின்றேன். கடைசியில் வாயைத் திறக்காமல், அப்பாவின் பேண்ட்டையும் மாமாவின் சட்டையையும் கறையோடு கறை ஒட்டுகிற மாதிரி ஒரே கொடியில் காயப்போட்டேன். அப்பா டீயோடு வந்து நின்றார். பார்த்தார். டீ ஆறிப்போகும் வரை பார்த்தார். இந்தச் சட்டை யாருது என்றார், உங்க மச்சானுது என்றேன். நல்ல காரியம் செய்தால் என் மச்சான் என்பார், தப்பு செய்தால் உன் தம்பி என்பார், அதனால்தான் முந்திக்கொண்டேன்.

மறுநாள் எண் ஏற ஆரம்பித்ததும், சத்தம் கேட்டால் ஆள் ஓடிவிடுவான் என்று அப்பா படகின் இயந்திரத்தை அணைக்கச் சொல்லி, துடுப்புப் போட்டுக்கொண்டு கரையோரமாகப் போயிருக்கிறார். அங்கே உன் மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் திரையின் அடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். உள்ளே அடைபட்ட மீனெல்லாம் அந்த வழியாக வெளியே வந்து வலையில் விழுகின்றன, அவற்றோடு கலங்கலும் சேர்ந்து வருகிறது. வலைக்கயிறு அவன் பல்லில். மீட்டர் எகிறிவிட்டது, விதி விதிதானே, அப்பா அவன் முகத்துக்கு நேராகவே விசிலை ஊதினார். மாமா ஐயோ என்று வாயைத் திறந்தான், கயிறு நழுவி வலை மீனோடு போயே போய்விட்டது. தோண்டும் இயந்திரம் நின்று எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்பா மேற்பார்வையாளரிடம், காரணம் கிடைச்சிருச்சு சார், என் மச்சான் என்றாராம். என் மச்சான் என்றாரே, அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரே கெஞ்சிக் கேட்டு, போலீஸ் வரை போகாமல் பார்த்துக்கொண்டார். இப்போது மீட்டர் எண்ணை மேற்பார்வையாளர் அப்பாவிடம் ஐயா போட்டுக் கேட்கிறாராம், அன்றிலிருந்து நம் வீட்டில் குழம்பு விஷயத்திலும் அவர் பேச்சுதான் எடுபடுகிறது.

அந்த ஆற்று மீன் சேற்றுப் புழுவைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், யாரும் சாப்பிடாதீர்கள் என்று பெரிய பலகையே நிற்கிறது. தெரிஞ்சும் ஏண்டா பிடிச்ச என்று கேட்டேன். பாப்பா போன்ல அங்க மீனு காகிதம் மாதிரி இருக்குன்னு சொல்லுச்சுக்கா, அந்தப் பலகை சும்மா மிரட்டுறதுக்குன்னு நெனச்சேன் என்று தேம்பினான். அப்ப எங்களுக்குப் போன வாரம் நீ மீன் ஆக்கிப் போட்டியே, அது என்று அப்பா பதறினார். அது கடை மீன் அத்தான், ஆத்து மீன்ல ஒரு துண்டுகூட நான் வாயில வைக்கல, எல்லாத்தையும் காயப்போட்டுப் பாப்பாவுக்கு அனுப்பிட்டேன் என்றான். கேட்டாயா, எங்களுக்கெல்லாம் கடை மீன், உனக்கு மட்டும் விஷம். அவ்வளவு பாசம். அவனைத் திட்டவும் முடியாமல் கட்டிக்கொள்ளவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால் கண்ணு, அந்தக் கருவாட்டை வாயில் வைக்காதே, பாவம் பார்த்துப் பூனைக்கும் போடாதே. மாமாவுக்கு நீயே போன் செய், முதலில் நன்றாகத் திட்டு, பிறகு சாப்பிட்டியா மாமா என்று கேள், சரியாகிவிடுவான். ஆற்றைச் சுத்தம் செய்து முடித்து, மீனைச் சோதித்துப் பார்த்து, அந்தப் பலகையைக் கழற்றுகிற நாளில் முதல் மீன் பாப்பாவுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை மீன் உன்னைத் தேடி வராது, நீதான் வர வேண்டும். பார்த்து எத்தனை நாளாயிற்று, மீனை விடு, எனக்காக வா.

நோய் நொடி அண்டாமல், மனசு நிறைந்து நன்றாக இரு. அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார். காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு தூங்காதே, தலைக்கு மட்டும் வை.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா

மறந்துவிட்டேனே, அந்தப் பார்சலை எறிவதற்கு இடம் தேடி அங்கே இருக்கும் ஆற்றில் போட்டுவிடாதே. அங்கேயும் யாராவது ஒருவர் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருப்பார்.