அசையாத படத்தில் ஜெயித்தது

மான்ட்ரியல்,
பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள தியெரி,

கஸ்பேயில் உன் அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? டாக்டர் சொன்னபடி கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

இங்கே நல்ல செய்தி இல்லை. நாம் செய்யும் ஐஸ் ஹாக்கி வீடியோ கேமில் வலைக்கம்பியின் ஓரமும் மட்டையின் ஓரமும் படிக்கட்டு மாதிரிப் பல்லிளிக்காமல் இருக்க நீ எழுதிய முறையை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, திரையில் சற்றுமுன் வந்துபோன பிரேம்களை, அதாவது பழைய படங்களை, புதியதோடு கலந்து ஓரங்களை வழவழப்பாக்கும் முறை வந்திருக்கிறது. ஒப்பிட்ட லட்சணத்தைக் கேள். கூட்டத்தில் இரண்டு படங்களைத் திரையில் போட்டார்கள். இரண்டும் அசையாத படங்கள். உன்னுடையதில் மட்டை கூர்மையாக இருந்தது, பின்னால் பைன் இலைகள் மட்டும் பிசிறாக. மற்றதில் இலைகூட வெண்ணெய். கைதட்டினார்கள்.

"ஓட விட்டுப் பாருங்க" என்றேன். நம் தயாரிப்பாளர் கேத்தான் சிரித்தான். "நொயெமி, போஸ்டர் ஓடுமா? காசு குடுக்கறவன் முதல்ல பாக்கறது அதைத்தான்."

இப்போது கேம் ஓடுகிறது. வேகமாக அடித்தால், பந்துக்குப் பதிலான அந்தக் கறுப்பு வட்டு பனியில் கரைந்து, சாம்பல் கோடாக இழுபடுகிறது. சோதித்துப் பார்க்கும் ரோசலி, "வட்டு எங்கடி? ஆவியைத் துரத்தியா கோல் போடுறது?" என்று கத்தினாள். மணிக்கூலிக்கு நாள் முழுக்க அதைப் பார்க்கிறாள். தலைவலி மாத்திரை அவள் செலவு.

பழையபடி மாற்றவும் முடியவில்லை. காட்சிகளுக்கு வெளிச்சம் போடும் புது வேலை முழுவதையும் இதன் மேல் கட்டிவிட்டார்கள். பிரித்து எடுக்க உனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை கேத்தான் என் மேசைக்கு வந்தான். "தியெரிக்கு நீ எழுது. நீ கூப்பிட்டா வருவான். ரெண்டே வாரம்தான், பாவம், அவனுக்கும் பொழுது போகும்" என்றான்.

தூக்கமில்லாமல் வேலை பார்த்து மேசையிலேயே விழுந்த உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது, "அவன் மெஷினை யாரும் அணைக்காதீங்க, பில்ட் ஓடுது, கேம் பாதி தயாராகிட்டிருக்கு" என்றவனும் இவன்தான். நீ அப்போது மயக்கத்தில் இருந்தாய். நான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். தியெரி, வராதே. அவன் போன் செய்தால் அக்காவை எடுக்கச் சொல். என் வேலையைப் பற்றி யோசித்துக் கிளம்பிவிடாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிடு, கடலோரம் நட, பகலிலும் தூங்கு. நீ உயிரோடு இருந்தால் போதும் எனக்கு.

உன்
நொயெமி